கங்கைகொண்ட சோழபுரம் - மாளிகைமேடு சைக்கிள் பயணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எவ்வளவு தூரம்? பழக்கமில்லாதவர்கள் ஓட்ட முடியுமா?

கங்கைகொண்ட சோழபுரம் பெரிய கோயிலிலிருந்து, சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேடு தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர்தான். சமதரை, ஏற்றம் கிடையாது. நெடுஞ்சாலைப் பக்கம் பஸ்ஸும் லாரியும் வேகமாக வரும், அங்கே மட்டும் பிள்ளைகளை இறங்கி நடக்கச் சொல்லுங்கள். சைக்கிளைக் கையோடு கொண்டுவருவது நல்லது.

கேள்வி: மாளிகைமேட்டில் வெறும் செங்கல் அஸ்திவாரம்தானாமே. போவது வீண் இல்லையா?

இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் கோயிலை விட அங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். முதலாம் ராசேந்திரன் தொடங்கி சோழர்கள் சுமார் 250 ஆண்டுகள் ஆண்ட தலைநகரின் அரண்மனை அது. 'சோழகேரளன் திருமாளிகை' என்று கல்வெட்டில் பெயரே இருக்கிறது. 1980களில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. செங்கல் சுவரின் மேல் மரமும் ஓடும் வைத்துக் கட்டிய மாளிகை, அதனால்தான் கோயில் போல நிற்கவில்லை. சுவர்களின் போக்கைப் பார்த்துக்கொண்டே சுற்றி வாருங்கள், அறைகள் பிடிபடும்.

கேள்வி: அவ்வளவு பெரிய நகரம் எங்கே போனது?

13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கியதும் நகரம் தேய்ந்தது. அப்புறம் 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட, கோயில் மதில் கற்களையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். மேட்டுச் செங்கற்களும் வீடு கட்டப் போயின. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். தயவுசெய்து ஒரு ஓட்டுச் சில்லைக்கூட எடுத்து வராதீர்கள்.

கேள்வி: சோழகங்கம் ஏரியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. இன்று பொன்னேரி என்கிறார்கள். கங்கை வெற்றிக்கு நீராலான வெற்றித்தூணாக இதை ராசேந்திரன் வெட்டியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. மழைக்காலம் என்றால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள், சறுக்கும்.

கேள்வி: எந்த நேரம் சரி?

விடிகாலை. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பு. அதனால் கோயிலை முதலில் முடியுங்கள். வடக்குப் படிக்கட்டுப் பக்கம் சிவன் சண்டேசருக்குப் பூமாலை சூட்டும் சிற்பத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மாளிகைமேட்டுக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.