புந்தால் மீனும் புளிக்குழம்பும்: கேள்வி பதில்

மலேசியாவில் சிலாங்கூர் கரையோரத்துப் பந்திங், மோரிப், கேரித் தீவுப் பக்கத்து மக்கள், உடலை உப்பவைக்கும் ஒரு நஞ்சு மீனைப் பற்றிக் கேட்டவை. தமிழ்நாட்டுக் கரையில் இதைப் பேத்தை என்பார்கள். நமக்கு இது புந்தால்.

சரசு, கேரித் தீவு: ஆற்று முகத்தில் வலையில் ஏறுகிற புந்தாலைக் குடல், ஈரல், முட்டை எடுத்து, மஞ்சள் போட்டுக் கழுவி, புளி ஊற்றிக் கொதிக்கவிட்டால் சாப்பிடலாமா?

கூடாது அக்கா. அதிலுள்ள டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு கொதியில் அழியாது. பொரித்தாலும், கருவாடு போட்டாலும், ஐஸில் வைத்தாலும் அப்படியே இருக்கும். புளியோ இன்னும் மோசம். லேசான புளிப்புத் தண்ணீரில் இந்த நஞ்சு நன்றாகக் கரையும், கெடாமலும் நிற்கும். சதையில் இருந்தது குழம்புக்கு இறங்கிவிடும். துண்டு வேண்டாம், குழம்பு மட்டும் போதும் என்று பிள்ளைக்குச் சோற்றில் ஊற்றினால் நஞ்சைத்தான் ஊற்றுகிறோம்.

ஈரலிலும் முட்டைப் பையிலும் நஞ்சு அதிகம். கழிமுகத்துச் சிறு புந்தால்களுக்குத் தோலிலும் ஏராளம். முட்டைப் பை மெல்லிய சவ்வு. கத்தி முனை பட்டாலே கிழிந்து சதையெங்கும் பூசிக்கொள்ளும். ஐஸில் உறைந்த மீன் உருகும்போது தோலிலிருந்தும் ஈரலிலிருந்தும் நஞ்சு சதைக்குள் ஊறும். ஓர் ஆளைக் கொல்ல 1 முதல் 2 மில்லிகிராம் போதும். ஒரு அரிசி மணியே ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கும்.

குமார், மோரிப்: செவுளில் புழுவும் பேனும் ஒட்டியிருந்தன. அவை உயிரோடு இருந்தால் மீனில் நஞ்சு இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை தம்பி. இந்த நம்பிக்கை பலரிடம் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். டெட்ரோடாக்சின் நரம்பிலும் தசையிலும் சோடியம் வாயில் என்ற நுண்துளையை அடைத்து வேலை செய்கிறது. புந்தாலின் வாயில் அமைப்பே வேறு, அதனால் நஞ்சு அதில் சரியாகப் பிடிக்காது. ஜப்பானியப் புந்தாலின் தோலில் வாழும் சூடோகாலிகஸ் ஃபூகு என்ற மீன்பேனின் உடலிலேயே டெட்ரோடாக்சின் கண்டிருக்கிறார்கள். பேன் அதைச் சேர்த்துவைத்துக்கொண்டே வாழ்கிறது.

செவுள் புழுவில் பெயர் போனது ஹெட்டரோபோத்ரியம் ஒகமோட்டோய். அது ஜப்பானின் புலிப் புந்தாலுக்கே உரியது. செவுளறைச் சுவரில் கொக்கியால் பிடித்து இரத்தம் குடிக்கும். அதன் முட்டைகள் நூல் நூலாகக் கோத்து வந்து பண்ணைக் கூண்டு வலையில் சிக்கிக்கொள்ளும். பொரித்த குஞ்சுகள் அதே கூண்டு மீனைத் தேடி வரும், மீன் இரத்தசோகையில் செவுள் வெளுத்துச் சாகும். இந்தப் புழு மனிதருக்கு ஒட்டாது. மனிதருக்கு வரக்கூடியது குடலிலும் சதையிலும் சுருண்டிருக்கும் அனிசாகிஸ் போன்ற உருளைப் புழு. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால் அது செத்துவிடும். நஞ்சுக்கு அந்தக் குளிர் ஒன்றுமே செய்யாது.

தேவி, தோட்டத்து கிளினிக் அருகில்: சாப்பிட்டுவிட்டால்?

முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பெரும்பாலும் 10 முதல் 45 நிமிடத்தில், சிலருக்கு 3 மணி நேரம் கழித்தும். பிறகு வாந்தி, கைகால் தளர்ச்சி, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். மரத்துப்போனதுமே 999 அழையுங்கள். சாப்பிட்ட எல்லாரும் போக வேண்டும், ஒன்றும் தெரியாதவர்களும்தான். மோர், இளநீர், எலுமிச்சை எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்கும் தசை தளர்ந்தால் நுரையீரலில் இறங்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மிச்ச மீனைப் பையில் எடுத்துப் போய் “புந்தால்” என்று சொல்லுங்கள். மாற்று மருந்து இல்லை. நஞ்சு வெளியேறும் வரை இயந்திரம் மூச்சு விடவைக்கும். 24 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பிழைப்பார்கள். அசைய முடியாமல் கிடந்தாலும் பலருக்கு நினைவு இருக்கும், பக்கத்தில் நின்று பேசுங்கள்.

மாணிக்கம், பந்திங்: சரவாக்கில் சாப்பிடுகிறார்களே! என் மாமா 40 வருஷம் சாப்பிட்டார்.

சரவாக்கில் சாப்பிடுவது மஞ்சள் புந்தால், முட்டையை உப்பிலிட்டும் சாப்பிடுவார்கள். ஆய்வில் அந்த மீனிலும் டெட்ரோடாக்சின் கண்டிருக்கிறார்கள் ஐயா. இந்த நஞ்சு கடல் பாக்டீரியாவில் பிறந்து, இரை வழியாக மீனுக்கு வருகிறது. ஒரே வலையில் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நஞ்சில்லாத தீனி போட்டு வளர்த்த பண்ணை மீனில் நஞ்சே இருப்பதில்லை. அதனால் 40 வருஷச் சாப்பாடு நாளைய மீனைப் பற்றி எதுவும் சொல்லாது.

மாணிக்கம், மீண்டும்: இனம் பார்த்து வாங்கலாமே?

லாகோசெஃபாலஸ் என்ற புந்தால் வகையில் இரண்டு இனம் ஒன்றுபோல இருக்கும். முதுகைத் தலையிலிருந்து விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு முதுகுத் துடுப்பு வரை போனால் லூனாரிஸ், அதன் சதையிலேயே நஞ்சு. பக்கத் துடுப்பின் நுனிக்குள் நின்றுவிட்டால் ஸ்படிசியஸ். முழு மீன் கையில் இருந்தால்தான் இது. சந்தையில் தலையும் தோலும் போன துண்டில் எதைத் தடவுவீர்கள்? 2023 மார்ச்சில் ஜொகூர் குளுவாங் பக்கம் வாங்கிய புந்தாலைச் சமைத்துச் சாப்பிட்டு ஒரு முதிய தம்பதி இறந்தார்கள்.

மாணிக்கம்: சாம்பல் தண்ணீரில் ஊறவைத்தால்?

கடுமையான காரத்தில் (மிளகாய்க் காரம் இல்லை, அல்கலி) நஞ்சு சிதையும் என்பது உண்மை. அந்த அளவு காரம் போட்டால் மீன் சாப்பாடாக இருக்காது. வீட்டுச் சாம்பல் தண்ணீரில் எவ்வளவு காரம், சதைக்குள் எவ்வளவு போனது என்று அளக்கவும் முடியாது. வேண்டாம் ஐயா.

ராணி: வினிகர்?

புளிக்குச் சொன்னதேதான்.

செல்வம்: ஒரு துண்டு மட்டும்?

வேண்டாம். முதல் பதிலில் மில்லிகிராம் கணக்கைப் படியுங்கள்.

வேலு: பெலாங்காஸ் (குதிரைலாட நண்டு) முட்டையிலும் இதே நஞ்சா?

ஆம். வாலை வெட்டிப் பாருங்கள். குறுக்கு வெட்டு முக்கோணமாக இருந்தால் பெரிய இனம், உருண்டையாக இருந்தால் சதுப்புநிலத்து இனம். உருண்டை வால் பெலாங்காஸ் நஞ்சால் இறந்தவர்கள் உண்டு. சமைத்த முட்டையைத் தட்டில் பார்த்து எந்த இனம் என்று சொல்ல முடியாது.

மீனா: தொட்டியில் பச்சைப் புந்தால் வளர்க்கிறேன், பல் நீண்டுவிட்டது.

ஓட்டோடு நத்தை போடுங்கள், தேய்ந்துவிடும். மற்றதை மீன் வளர்ப்பவர்களிடம் கேளுங்கள்.

ரவி, மோரிப்: வலையில் ஏறியதை என்ன செய்வது?

உயிரோடிருந்தால் தண்ணீருக்குள்ளேயே கழற்றி விடுங்கள். புந்தால் வயிற்றில் தண்ணீரை விழுங்கித்தான் உப்பும். மேலே தூக்கினால் காற்றை விழுங்கிவிட்டு, வெளியேற்ற முடியாமல் மிதந்தே சாகலாம். வாயருகே விரல் வேண்டாம், அந்த நான்கு பல் அலகு நண்டு ஓட்டையே உடைக்கும். செத்திருந்தால் அறுக்காமல் பையில் கட்டிப் புதையுங்கள், பூனை நாய் தோண்டாத ஆழத்தில். காயமில்லாத கையால் தொட்டால் நஞ்சு ஏறாது, ஆனாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மற்ற மீன்களோடு ஒரே கூடையில் போடாதீர்கள்.