கணினிக் கேள்வி-பதில்: 64 வரிக்கும் ஒரே தட்டு

கேள்வி: எங்கள் பிரட்டுப் பட்டியல் (வேலையாட்களின் வருகைப் பட்டியல்) லினக்ஸ் சர்வரில் எழுத்துக் கோப்பாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரி, மொத்தம் 64. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டிவிஷன் எண் ‘03,’ சேர்க்க வேண்டும். விம் என்னும் எழுத்துத் திருத்தியில் வரிகளைத் தெரிவு செய்து ஆங்கில ‘ஐ’ அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. ஒருமுறை முதல் வரியில் மட்டும் விழுந்தது.
— தோட்டக் கிராணி, பீடோங்

பதில்: நீங்கள் அழுத்தியது சின்ன ‘ஐ’. தெரிவு செய்த நிலையில் விம் அதை வேறொரு கட்டளையின் பாதியாக எடுத்துக்கொண்டு, மீதி எழுத்துக்காகக் காத்திருக்கும். ஷிப்ட் சேர்த்த பெரிய ‘ஐ’தான் வேண்டும். அதுவும் கட்டமாகத் தெரிவு செய்திருந்தால்தான் எல்லா வரிக்கும் போகும்.

முதல் வரியின் முதல் எழுத்தில் நில்லுங்கள். கண்ட்ரோல்-வி (கட்டத் தெரிவு இதில்தான் தொடங்கும்), பிறகு 63, பிறகு ‘ஜே’ (j). நிற்கும் வரி ஏற்கெனவே கணக்கில் இருப்பதால் 64 அல்ல, 63. இப்போது ஷிப்ட்-ஐ, ‘03,’ தட்டி, எஸ்கேப். தட்டும்போது முதல் வரி மட்டுமே மாறும், பதற வேண்டாம். எஸ்கேப் அழுத்திய பிறகே மற்ற 63 வரியும் நிரம்பும்.

முதல் வரியோடு நின்றுபோனதற்குக் கட்டமாகத் தெரிவு செய்யாதது காரணமாக இருக்கலாம். இல்லையென்றால் எஸ்கேப்புக்குப் பதில் கண்ட்ரோல்-சி அழுத்தியிருப்பீர்கள், அல்லது நடுவில் என்டர் தட்டியிருப்பீர்கள். தவறினால் ‘யு’ ஒன்று போதும், மொத்தமும் பழையபடி ஆகிவிடும்.

விண்டோஸ் டெர்மினல் வழியாக நுழைகிறவர்களுக்குக் கண்ட்ரோல்-வி ஒட்டும் வேலையைச் செய்துவிடும். அங்கே கண்ட்ரோல்-கியூ. அஞ்சல் என்னும் தமிழ் விசைமுகம் திறந்திருந்தாலும் ‘ஜே’ ‘ஜே’யாகப் போய்ச் சேராது. கட்டளைக்கு ஆங்கிலம், ஷிப்ட்-ஐக்குப் பிறகு தமிழ், எஸ்கேப் ஆனதும் மறுபடி ஆங்கிலம்.

கட்டம் போடாமலும் இதைச் செய்யலாம். :1,64எஸ்/^/03,/ என்று கொடுங்கள் (‘எஸ்’ என்ற இடத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்து). வரி எண் தெரிந்திருந்தால், என்னைக் கேட்டால் இதுவே சுருக்கவழி.

இன்னொன்று: தமிழ்ப் பெயர்களுக்குப் பின்னால், வரியின் நடுவில் கட்டம் போடாதீர்கள். கட்டம் திரையின் நெடுவரிசையைப் பார்த்தே வெட்டும். பெயருக்குப் பெயர் நீளம் வேறு. கொம்பும் புள்ளியும் எத்தனை இடம் பிடிக்கும் என்பதும் டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். யாரோ ஒருவர் பெயரின் நடுவில் எண் போய் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: செம்பனைக் குலை லாரி எடைக் கோப்பில் வரிகள் ஒரே நீளமாக இல்லை. எல்லா வரியின் கடைசியிலும் ‘,டன்’ சேர்க்க முடியுமா? முன்னால் 1, 2, 3 என்று வரிசை எண்ணும் வேண்டும்.
— எடைமேடை ஊழியர், பீடோங்

பதில்: கட்டம் போட்டதும் டாலர் குறி, பிறகு ஷிப்ட்-ஏ, ‘,டன்’, எஸ்கேப். டாலரை விட்டுவிட்டால் ‘,டன்’ கட்டத்தின் ஓரத்திலேயே விழும். குட்டை வரிகளை விம் வெற்றிடத்தால் இழுத்து நிரப்பும்.

வரிசை எண்ணுக்கு, முதலில் எல்லா வரிக்கும் முன்னால் ‘0,’ சேருங்கள். பிறகு ‘ஜீ’ (g), ‘வி’ அழுத்தினால் பழைய கட்டம் திரும்பி வரும். அடுத்து ‘ஜீ’, கண்ட்ரோல்-ஏ. பூஜ்யங்கள் 1, 2, 3 என்று ஏறிவிடும். விம் 8 முதல் இந்த வசதி உண்டு. ஸ்க்ரீன் என்னும் டெர்மினல் நிரலுக்குள் இருந்தால் கண்ட்ரோல்-ஏவை அது பிடுங்கிக்கொள்ளும். அங்கே கண்ட்ரோல்-ஏ அழுத்திய கையோடு சின்ன ‘ஏ’யும் தட்டுங்கள், விம்முக்குப் போய்விடும்.