டவுன்லோடு ஓடும்போது பிங் எகிறுதா? கேள்வி பதில்

தாம்பரத்திலிருந்து: அக்கா, வீட்டில் 100 மெகாபிட் ஃபைபர். தம்பி ஸ்டீமில் டவுன்லோடு போட்டாலே எனக்கு வலோரண்டில் பிங் 30-லிருந்து 250-க்குப் போய்விடுகிறது. 300 மெகாபிட் பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள். பிங் என்பது ஒரு தகவல் துண்டு சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம், மில்லிசெகண்டில். வலோரண்ட் மாதிரி விளையாட்டுக்கு ஒரு மெகாபிட் இருந்தாலே தாராளம். கேம்களை இறக்கித் தரும் ஸ்டீம் அப்படியில்லை, 300 கொடுத்தால் 300-ஐயும் நிரப்பப் பார்க்கும். லைன் நிரம்பியதும் மீதிப் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) பஃபர் என்ற காத்திருப்பு இடத்தில் வரிசை கட்டி நிற்கும். மூட்டை மூட்டையாக அரிசி ஏற்ற வந்தவர்களுக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்க வந்தவர் நிற்பதுபோல, உங்கள் விளையாட்டின் குட்டிப் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம்: அப்லோடு 10 மெகாபிட் உள்ள லைனில், மோடத்தில் 1 எம்பி (மெகாபைட், அதாவது 8 மெகாபிட்) பஃபர் நிரம்பிவிட்டால் அது காலியாக 800 மில்லிசெகண்ட் ஆகும். இதற்குத்தான் பஃபர்புளோட் என்று பெயர்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். கமாண்ட் பிராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) இன்னொன்றில் 8.8.8.8-க்கும் (இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர்) பிங் ஓடவிட்டு, தம்பியை டவுன்லோடு போடச் சொல்லுங்கள். இரண்டுமே எகிறினால் வைஃபையைச் சந்தேகப்படுங்கள், இரண்டாவது மட்டும் எகிறினால் லைனில் வரிசை.

திருச்சியிலிருந்து: ரவுட்டரில் கியூஓஎஸ் (யாருக்கு முன்னுரிமை என்று வகுக்கும் வசதி) ஆன் செய்து என் பிசிக்கு ஹை பிரையாரிட்டி கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லையே, ஏன்?

வரிசை உங்கள் ரவுட்டரில் இல்லை, அதனால்தான். டவுன்லோடு வரிசை இன்டர்நெட் கம்பெனியின் முனையில் நிற்கிறது, அப்லோடு வரிசை ஃபைபர் வந்து சேரும் இடத்தில் அவர்கள் மாட்டிவிட்டுப் போன ஓஎன்டி பெட்டியில். வரிசையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு யாரை முன்னால் விடுவது? அதனால் வரிசையை நம் ரவுட்டருக்குள் கொண்டுவர வேண்டும். லைனின் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ரவுட்டரிலேயே ஒரு வரம்பு வைத்துவிட்டால் வரிசை நம் கைக்கு வந்துவிடும், அப்புறம் அதை ஒழுங்குபடுத்தும் வேலையை எஸ்கியூஎம் என்ற ரவுட்டர் வசதி பார்த்துக்கொள்ளும்.

கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்ற வரிசை ஒழுங்குபடுத்தும் முறை, அதிலிருந்து வந்த எஃப்கியூ கோடெல், அப்புறம் 2018-இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த கேக் என்று இதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது, எல்லாமே இலவசம். எனக்குப் பிடித்தது கேக். ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து, எப்போதாவது ஒரு குட்டிப் பாக்கெட் அனுப்புகிறவரை முதலில் விட்டுவிடும். எந்த விளையாட்டுக்கு முன்னுரிமை என்று போர்ட் நம்பர் பட்டியல் எதுவும் எழுத வேண்டியதில்லை.

ஓபன்டபிள்யூஆர்டி (இலவச ரவுட்டர் மென்பொருள்) போட்ட ரவுட்டர் என்றால் எஸ்கியூஎம் பேக்கேஜை நிறுவி, வான் (வெளி இணையப் பக்கத்து) இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, கேக் வைத்து, டவுன்லோடு அப்லோடு இரண்டுக்கும் நீங்கள் அளந்த வேகத்தில் 90 சதவீதம் கொடுங்கள். அந்தக் கட்டம் கிலோபிட்டில் கேட்கும், ஆகவே 90 மெகாபிட்டுக்கு 90000. வேகத்தை ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு அளங்கள், விடியற்காலையில் வரும் எண்ணை நம்பாதீர்கள். பிங் ஆடாமல் நின்றால் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். ஃப்ளோ ஆஃப்லோடிங் (பாக்கெட்டுகளைக் குறுக்குவழியில் அனுப்பும் வசதி) ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலே போய்விடும்.

கோவையிலிருந்து: கம்பெனி கொடுத்த பெட்டிதான் இருக்கிறது. அதில் எஸ்கியூஎம் எல்லாம் இல்லை அக்கா.

அப்படியென்றால் டவுன்லோடு ஓடும் இடத்திலேயே கட்டுங்கள். ஸ்டீம் செட்டிங்ஸில் டவுன்லோடு வேகத்துக்கு வரம்பு இருக்கிறது. 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 எம்பி, அதனால் 9 எம்பி வைத்தால் மற்றவர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். விண்டோஸ் அப்டேட்டில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்று உண்டு, அதிலும் வரம்பு வைக்கலாம், இணையத்தில் மற்ற பிசிகளுக்கு அனுப்புவதையும் நிறுத்தலாம். பிறகு வசதிப்படும்போது ஓஎன்டிக்குப் பின்னால் ஒரு நல்ல ரவுட்டர் மாட்டுங்கள். ஆனால் ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிட்டு வீட்டிலுள்ள எல்லாச் சாதனத்தையும் புது ரவுட்டரில்தான் சேர்க்க வேண்டும், ஒரு டிவி பழைய வைஃபையில் இருந்தாலும் அது வரம்புக்கு வெளியே ஓடும்.

சேலத்திலிருந்து: மேடம், யாரும் டவுன்லோடு போடாதபோதும் சாயங்காலம் பையனுக்கு கேம் திணறுகிறது. ஏன்?

அப்லோடைப் பாருங்கள் சார். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் போன் வைஃபையைப் பிடித்து அன்றைக்கு எடுத்த வீடியோவையெல்லாம் பேக்கப் செய்யத் தொடங்கும், கிளவுடில் பதிவாகும் சிசிடிவி கேமரா இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். போன் பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ள முடியாவிட்டாலும், பையன் விளையாடும் நேரத்துக்கு நிறுத்தி வைக்கலாம். கேமராவின் தரத்தை ஒரு படி இறக்கினாலும் வித்தியாசம் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, எங்கட வீட்டில 4ஜி ரவுட்டர்தான். வேகம் ஒரு நேரம் 40, ஒரு நேரம் 8. எந்த எண்ணை வரம்பாப் போடுறது?

இதுதான் சிக்கலான கேள்வி தம்பி. 4ஜியில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், 36 என்று வரம்பு வைத்தால் வேகம் 8-க்கு இறங்கும்போது வரிசை மறுபடி டவர் பக்கம் போய்விடும். விளையாடும் நேரத்தில் மோசமான வேகத்துக்கும் கீழே, 7 என்று வைத்துக்கொள்ளலாம், டவுன்லோடு மெதுவாகும், ஆனால் ஆட்டம் நிலையாக இருக்கும். இல்லையென்றால் ஓபன்டபிள்யூஆர்டியில் கேக் ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது, பிங்கைப் பார்த்துப் பார்த்து வரம்பைத் தானே ஏற்றி இறக்கும். உங்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

வேளச்சேரியிலிருந்து: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போதுமா, கேபிள் இழுக்கணுமா?

கேபிள். சுவர் ஓரமாகவாவது இழுத்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து: எல்லாம் செய்துவிட்டேன், டவுன்லோடு ஓடினாலும் பிங் ஆடவில்லை. ஆனால் ஐரோப்பா சர்வரில் 150-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

அது தூரம். ஃபைபருக்குள் வெளிச்சம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேர்கோட்டில் 7,500 கிலோமீட்டருக்கு மேல், போய் வரவே 75 மில்லிசெகண்ட் ஆகிவிடும், கடலடிக் கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. எந்த ரவுட்டராலும் இதைக் குறைக்க முடியாது. சர்வர் பட்டியலில் மும்பை இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.