வழக்கு பேய் மேல் அல்ல

கேள்வி: 'தி கான்ஜுரிங்' ஆங்கிலப் படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். 'உண்மைச் சம்பவம்' என்று போடுகிறார்கள். பொய்யாக இருந்தால் கோர்ட் சும்மா விடுமா? பேய் இருப்பது தெரிந்த பிறகும் அந்தக் குடும்பம் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை? பகுத்தறிவு பேசும் உங்களைப் போன்றவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கிக் காட்டுவார்களா? என் பத்து வயது மகள் படம் பார்த்ததிலிருந்து விளக்கை அணைக்க விடுவதில்லை. அவளுக்கு என்ன சொல்வது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கோர்ட்டை இழுத்தது நீங்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தக் கதை கோர்ட்டுக்குப் போனது, அதுவும் ஒரு முறை அல்ல. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டிலும் கூண்டில் நின்றது படத்தை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் கம்பெனி.

முதல் வழக்கு 2015-இல். போட்டவர்கள் அந்த வீட்டில் குடியிருந்த தம்பதி. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து ஹாரிஸ்வில் என்கிற சிற்றூரில் இருக்கும் 18-ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடு அது. படத்தில் வரும் பெரான் குடும்பம் 1980-இல் கிளம்பிப் போனது. அதே பத்தாண்டின் பிற்பாதியில் இவர்கள் வாங்கிக் குடிவந்தார்கள். 2013-இல் படம் வெளியானது. அப்புறம்தான் தொல்லை. முன்பின் தெரியாத ஆட்கள் நேரங்கெட்ட நேரத்தில் நிலத்துக்குள் புகுந்தார்கள். வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. இப்படி வருகிறவர்களில் எவனாவது ஒருவன் வீட்டையோ தங்களையோ ஏதாவது செய்துவிடுவானோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரம் தங்கிக் காட்டச் சொல்கிறீர்கள். அவர்கள் ஏறக்குறைய முப்பது வருஷம் தங்கினார்கள். கடைசியில் அவர்கள் வழக்குப் போட்டது பேய் மேல் அல்ல, படக் கம்பெனி மேல்.

இரண்டாவது வழக்கு இன்னும் ருசியானது. படத்தில் பேயோட்ட வருகிறார்களே எட் வாரன், லொரெய்ன் வாரன், அந்தத் தம்பதி நிஜமானவர்கள். கனெக்டிகட் மாநிலத்துக்காரர்கள். ஊர் ஊராகப் போய் ஆவி விவகாரங்களைப் 'புலனாய்வு' செய்தவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டு ஜெரால்ட் பிரிட்டில் என்பவர் 1980-இல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். இந்த விவகாரங்களின் உரிமை ஒப்பந்தப்படி தனக்குத்தான் என்று 2017-இல் அவர் வழக்குத் தொடுத்தார். கேட்ட தொகை 90 கோடி டாலர்.

படக் கம்பெனி என்ன சொன்னது? இவையெல்லாம் நடந்த சம்பவங்கள், நடந்த சம்பவத்துக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது என்றது. வாதத்தில் ஓட்டை இல்லை. இந்தியாவுக்கு 1947-இல் சுதந்திரம் வந்தது என்று எழுத நீங்களோ நானோ யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பிரிட்டில் அதைத் திருப்பிப் போட்டார். நானும் உண்மை என்று நம்பித்தான் எழுதினேன், இப்போது பார்த்தால் வாரன் தம்பதி சொன்னதெல்லாம் கற்பனை, கற்பனைக்குக் காப்புரிமை உண்டு, ஆகவே பணத்தை எடு என்றார்! பேய்ப் புத்தகம் எழுதியவர் பொய் என்கிறார். பேய்ப் படம் எடுத்தவர்கள் உண்மை என்கிறார்கள். வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள். ஆவிகள் உண்டா என்று தீர்ப்பு எழுதும் சங்கடத்திலிருந்து நீதிபதி தப்பித்தார்.

ஆக, நீங்கள் பார்த்து மிரண்ட அந்த 'உண்மைச் சம்பவம்' டிக்கெட் விற்கும் விளம்பரம் மட்டுமல்ல, கோர்ட்டில் கேடயமாகவும் பயன்படுகிற சரக்கு. அதை யாரும் சரிபார்த்து முத்திரை குத்துவதில்லை. தணிக்கை வாரியத்தின் வேலையும் அதுவல்ல.

சரி, பேய் இருந்தது என்பவர்களின் பேச்சையே எடுத்துக்கொள்வோம். பெரான் வீட்டு மூத்த மகள் ஆண்ட்ரியா மூன்று பாகமாகப் புத்தகம் எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் ஆவிகள் இருந்தன என்று இன்றுவரை சொல்கிறவர். அவர் எழுதியதிலேயே, படத்தின் உச்சக்கட்டமான அந்தப் பேயோட்டும் சடங்கு இல்லை. ஆவியை அழைத்துப் பேசும் ஓர் அமர்வு நடந்தது, அதில் அம்மா பட்ட பாட்டைப் பார்த்து ஆத்திரமடைந்த அப்பா, வாரன் தம்பதியை வீட்டை விட்டுத் துரத்தினார் என்கிறார். படத்தில் பேய் ஓடுகிறது, வெயில் அடிக்கிறது, குடும்பம் கட்டிக்கொண்டு அழுகிறது. நிஜத்தில் ஓடியது பேயோட்டிகள். அவர்களில் லொரெய்ன் அம்மையார்தான் படத்துக்கு ஆலோசகர். எந்த முடிவு திரைக்கு வந்தது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஏன் காலி செய்யவில்லை என்று கேட்டீர்கள். படம் சொல்லும் காரணம், செருப்பில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி பேய் கூடவே வரும் என்பது. நிஜக் காரணம் எனக்கும் உங்களுக்கும் புரியக்கூடியது: கையில் காசில்லை. ஐந்து பெண் குழந்தைகளோடு 1971 ஜனவரியில் குடிவந்தவர்கள், ஒன்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். போட்ட பணமெல்லாம் அந்த வீட்டில்தான் என்று அப்பா பாத்திரம் ஒரு காட்சியில் சொல்லும். இயக்குநர் அங்கே நிற்காமல் அடுத்த அலறலுக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த இடத்தில்தான் வயிற்றைப் பிசைந்தது. வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் யாருக்கும் பிசையும்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். படத்தில் வரும் சூனியக்காரியின் பெயர் பத்ஷெபா. பச்சைக் குழந்தையைச் சாத்தானுக்குப் பலி கொடுத்துவிட்டு 1863-இல் மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டவள் என்று கதை. அந்தப் பெயரில் ஒரு பெண் உண்மையிலேயே அந்த வட்டாரத்தில் வாழ்ந்தார். பத்ஷெபா ஷெர்மன். விவசாயக் குடும்பத்துப் பெண். இறந்தது 1885-இல், எழுபதைத் தாண்டிய வயதில். அவர் சூனியம் வைத்தார் என்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. அவருடைய கல்லறை ஹாரிஸ்வில் இடுகாட்டில் இருக்கிறது, இருந்தது என்றும் சொல்லலாம். ரசிகப் பெருமக்கள் அந்தக் கல்லைத் திரும்பத் திரும்ப உடைத்துச் சேதப்படுத்தியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றி இப்படிப் படமெடுத்தால் மானநஷ்ட வழக்கு வரும். செத்துப் போனவருக்கு அந்த வசதியும் இல்லை. பெயரை மாற்றி வைத்திருந்தால் படத்தின் பயம் ஒரு துளி குறைந்திருக்குமா? குறையாது. 'உண்மை' என்கிற லேபிள்தான் ஒட்டியிருக்காது.

படத்தின் கடைசியில் லாங் ஐலண்டில் இன்னொரு வீடு என்று ஒரு வரி வரும், கவனித்திருப்பீர்கள். அது அமிட்டிவில் வீடு. 1974 நவம்பரில் ஒருவன் தன் அப்பா, அம்மா, கூடப்பிறந்த நான்கு பேர் என்று ஆறு பேரை அங்கே சுட்டுக் கொன்றான். கடைசித் தம்பிக்கு 9 வயது. அடுத்த வருஷம் குடிவந்த குடும்பம் 28 நாளில் ஓடிவிட்டது, பேய் என்றது, புத்தகம் வந்தது, 1979-இல் படமும் வந்தது. மது பாட்டில்களைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் குடிவந்த அந்தக் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கிய கதை அது என்று கொலைகாரனின் வக்கீல் பின்னால் பேட்டி கொடுத்தார். அந்த வீட்டில் நிஜமாக ஆபத்தில் சிக்கிய குடும்பம் சுடப்பட்ட குடும்பம்தான். படத்தில் அவர்கள் வெறும் முன்கதைச் சுருக்கம்.

நம் ஊரில் பேய் வீடு என்று பெயர் வாங்கினால் வாடகை இறங்கும். ஹாரிஸ்வில் வீட்டுக்கு நடந்தது நேர்மாறு. 2019-இல் 4,39,000 டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர்கள் ஆவி தேடுகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். 2022-இல் 15 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு விற்றது. காசு கொடுத்து ராத்தங்க ஆள் வரிசையில் நின்றார்கள். தங்கிக் காட்டுங்கள் என்ற சவாலை இனிமேல் கொஞ்சம் யோசித்து விடுங்கள்!

இவ்வளவு சொன்னதால் படம் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். இயக்குநர் ஜேம்ஸ் வான் கைதேர்ந்த ஆள். ராத்திரியில் ஒரு சிறுமி கதவுக்குப் பின்னால் இருக்கும் இருட்டைப் பார்த்து நடுங்குவாள். கேமரா அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் வரவும் வராது. ஆனாலும் உட்கார முடியாது. ரத்தம் அதிகமில்லை, ஆபாசம் இல்லை. ஆனாலும் மனதைக் கலக்கும் வன்முறையும் திகிலும் இருக்கிறது என்று அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் கொடுத்தார்கள். 17 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டருக்குள் போக முடியும். இதை நீங்கள் பத்து வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள்.

அவளிடம் பேய் இல்லை, சாமி இருக்கிறது என்றெல்லாம் பெரிய பேச்சு வேண்டாம். படம் வட கரோலினாவில் எடுத்தது, அந்த அறைகள் ஸ்டூடியோவில் போட்ட செட் என்று சொல்லுங்கள். அப்புறம் அலமாரி மேலிருந்து பாய்ந்த கிழவி யார் என்று சொல்லுங்கள். அது கிழவியே இல்லை. ஜோசப் பிஷாரா என்கிற ஆண், படத்தின் இசையமைப்பாளர். வேஷத்தையும் போட்டுக்கொண்டு, தான் வரும் காட்சிக்குப் பின்னணி இசையும் தானே போட்டிருக்கிறார். இதைக் கேட்டால் சிரித்துவிட்டுத் தூங்குவாள் என்று நினைக்கிறேன். தூங்கவில்லை என்றால் விளக்கு எரியட்டும், கரண்ட் பில்லை நீங்கள் கட்டுங்கள். படத்தைப் போட்டுக் காட்டியது நீங்கள்தானே?