அரசா, கம்பெனியா?

அன்புள்ள ஐயா,

சிறிய அளவில் உணவுப்பொருள் தயாரிக்கிறேன். சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்பம் கேட்டுப் போனால் உரிமக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் என்று பட்டியல் நீட்டுகிறார்கள். என் வரிப்பணத்தில் கண்டுபிடித்ததை எனக்கே விற்கிறார்கள். இவர்கள் அரசா, கம்பெனியா? கம்பெனி என்றால் தனியாரிடமே கொடுத்துவிடலாமே?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

ஆய்வகங்களை வருமானத்தை வைத்து அளக்கலாமா என்று நண்பர்களோடு வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சிஎஸ்ஐஆர் கம்பெனி அல்ல, அரசுத் துறையும் அல்ல. 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் 1942இல் பதிவான ஒரு சங்கம். பிரதமர்தான் தலைவர். சம்பளம் கேட்டு வழக்குப் போட்ட ஒரு சுருக்கெழுத்தாளரிடம் 1975இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் சங்கம், அரசியல் சட்டம் சொல்லும் ‘அரசு’ அல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டது. 2002இல் பிரதீப் குமார் பிஸ்வாஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், பணமும் கட்டுப்பாடும் அரசிடம் இருக்கும்போது இதுவும் அரசுதான் என்று மாற்றியது. சங்கம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு ஊழியரின் சம உரிமையிலிருந்து தப்பிக்க முடியாது என்றானது. சரி, சட்டம் இவ்வளவுதான்.

தனியாரிடம் கொடுக்கும் யோசனையைப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

‘என் வரிப்பணம்’ என்கிறீர்களே, அது உங்களுடையது மட்டுமா? தீப்பெட்டி வாங்குகிறவரும் வரி கட்டித்தான் வாங்குகிறார். எல்லோர் காசிலும் உருவானதை வைத்து நீங்கள் தனியாக லாபம் பார்க்கப் போகிறீர்கள். அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது கொள்ளையா? கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம்.

என் கோபம் வேறு. கட்டணம் வாங்கட்டும். ஆனால் அரசு தரும் பணம் போக வெளியிலிருந்து எவ்வளவு வருவாய் (வெளிவருவாய்) கொண்டுவந்தாய் என்பதை வைத்தே விஞ்ஞானியை எடைபோடுவதைத்தான் தாங்க முடியவில்லை. எருமைப் பாலில் குழந்தை உணவு செய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1950களில், சிஎஸ்ஐஆரின் மைசூர் உணவு ஆய்வகம் செய்து காட்டியது. குஜராத்தின் ஆனந்த் நகரிலிருக்கும் பால் கூட்டுறவு, அதாவது அமுல், அதை எடுத்துக்கொண்டது. இறக்குமதி டப்பாவுக்குக் காத்திருந்த தாய்மார்களுக்கு அதனால் வந்த நிம்மதியை எந்த வரவுக் கணக்கில் எழுதுவது? காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை எதிர்த்து நின்று 1997இல் ரத்து செய்ய வைத்ததும் இதே சிஎஸ்ஐஆர். அதில் வருவாய் பூஜ்யம், செலவு மட்டும்தான். செய்திருக்கக் கூடாதா?

என் தாய்மாமா உலோகத்துக்குப் பூச்சுப் போடும் பிளேட்டிங் பட்டறை வைத்திருந்தார். ஒரு சமயம் நிக்கல் பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது. தொட்டித் திரவத்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு சிஎஸ்ஐஆரின் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். அங்கே ஒருவர் பாட்டிலைத் தொடவே இல்லை. பூச்சுக்கு முன்னால் உருப்படியை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று அரை மணி நேரம் கேட்டார். தொட்டியில் கோளாறில்லை, எண்ணெய்ப் பிசுக்குப் போகாமல் இறக்குகிறீர்கள் என்றார். ரசீதும் இல்லை, கோப்பும் இல்லை. பட்டறை பிழைத்தது. அந்த ஆய்வகத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது அந்த மாதிரி ஒரு மனிதர் அங்கே உட்கார்ந்திருக்கத்தானே? வெளிவருவாய் இலக்கைத் தலையில் ஏற்றிவைத்தால், அவர் அடுத்த முறை பெரிய கம்பெனியின் தொலைபேசியைத்தான் எடுப்பார். என் மாமா வாசலிலேயே நிற்பார்.

உங்களிடம் அங்கே யாராவது உட்கார்ந்து பேசினார்களா? பேசவில்லை என்றால் அதற்காகச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

அப்புறம், ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். உரிமம் உங்களுக்கு மட்டுமா, பலருக்குமா என்று பாருங்கள். பலருக்கும் என்றால் கட்டணத்தைக் குறைக்கக் கேளுங்கள். மற்றவர்களுக்கு என்ன விலை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வணிக ரகசியம் என்று 8ஆம் பிரிவைக் காட்டக்கூடும். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. அதைச் சொல்லி மேல்முறையீடு செய்யுங்கள்.