ரேடியஸ் சர்வர் மூலம் குறிப்பிட்ட பயனருக்கு நிலையான ஐபி கொடுப்பது எப்படி?

பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) பயனர்களில் சிலருக்கு மட்டும் எப்போதும் ஒரே ஐபி வர வேண்டும், பயனர்களைச் சரிபார்த்து அனுமதிக்கும் ரேடியஸ் சர்வர் மென்பொருளான ஃப்ரீரேடியஸில் அதை எங்கே எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கென்றே ஃப்ரேம்டு-ஐபி-அட்ரஸ் என்ற பண்பு இருக்கிறது. ரேடியஸின் தர ஆவணமான ஆர்எஃப்சி 2865-இல் அதன் எண் 8. கடவுச்சொல் சரியாக இருந்தால் சர்வர் அனுப்பும் அக்செஸ்-அக்செப்ட் என்ற அனுமதிப் பதிலோடு இதுவும் போகும், ரவுட்டர் அந்த முகவரியையே பயனருக்குத் தரும். டேட்டாபேஸ் வைத்திருந்தால் ரேட்ரிப்ளை (சர்வர் அனுப்பும் பதிலுக்கானது) அட்டவணையில் அந்தப் பயனர் பெயருக்கு ஒரு வரி சேருங்கள். ரேட்செக்கில் வேண்டாம், அது உள்ளே வருபவரைச் சோதிக்கும் இடம்.

கவனம் முழுக்கத் தேவைப்படுவது ரவுட்டரின் ஐபி பூலில்தான், அதாவது ரவுட்டர் தானாக எடுத்துக் கொடுக்கும் முகவரிகளின் தொகுப்பில். 10.10.0.50-ஐ ஒருவருக்கு ஒதுக்கிவிட்டு அதே எண்ணைப் பூலிலும் விட்டு வைத்தால், அவர் இணைப்பில் இல்லாத நேரத்தில் ரவுட்டர் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் இவர் திரும்பி வரும்போது மோதல். காரணம் தெரியாமல் கேபிளையும் மோடத்தையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள், பாவம். ஆகவே நிலையான முகவரிகளுக்குப் பூலுக்கு வெளியே தனி வரம்பு வையுங்கள். ஒரே கணக்கில் இருவர் நுழையாதபடி சைமல்டேனியஸ்-யூஸ் என்ற பண்பை 1 ஆக்குவதும் அவசியம்.

255.255.255.254 என்று கொடுத்தால் பொருள் வேறு: முகவரியை ரவுட்டரே தேர்ந்தெடுக்கலாம் என்று அர்த்தம்.

சரி, எழுதியும் பழைய ஐபியே வருகிறதா? நடப்பு இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைக்கச் சொல்லுங்கள்.