புதிர் பாதியில் நின்றுபோனால் கோடு போட்ட குறிப்புக்குத் திரும்புங்கள்

கேள்வி: அரூரிலிருந்து தருமபுரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். பேருந்தில் தினமும் கைபேசியில் ஒரு தர்க்கப் புதிர் போடுவேன். யார் எங்கே இருக்கிறார், யாரிடம் என்ன இருக்கிறது என்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்கும் வகை. முதல் நான்கைந்து குறிப்பு வரை வேகமாகப் போகிறது. அப்புறம் நகரவே மாட்டேன் என்கிறது. கடைசியில் ஏதோ ஒன்றை ஊகித்துப் போடுகிறேன், பாதி நாள் தப்பாகிவிடுகிறது. ஊகிக்காமல் முடிக்க வழி உண்டா? வங்கித் தேர்வுக்கும் படிக்கிறேன். இந்தப் பழக்கம் அதற்கு உதவுமா?

பதில்: வழி உண்டு. ஒழுங்காக அமைத்த தர்க்கப் புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும். கொடுத்திருக்கும் குறிப்புகளை வைத்தே அந்த விடைக்குப் போய்ச் சேரவும் முடியும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தர்க்கத்தில் உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. முதல் நான்கைந்து குறிப்பை வேகமாக முடித்துவிடுகிறீர்கள் அல்லவா, சிக்கல் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: ஒரு குறிப்பைப் படிக்கிறார்கள், அதிலிருந்து ஒரு செய்தியை எடுத்து எழுதுகிறார்கள், உடனே அந்த வரியின்மேல் கோடு போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் கண் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆனால் அந்தக் குறிப்புக்கு இன்னும் இரண்டு மூன்று இடத்தில் வேலை பாக்கி இருக்கும். புதிர் நின்றுபோவது அங்கேதான்.

சொன்னால் புரியாது, போட்டுப் பார்த்தால்தான் புரியும். நம் பக்கத்து ஊர்களை வைத்து ஒரு புதிர் தருகிறேன்.

கிருஷ்ணகிரியில் மாம்பழச் சீசன். சாலையோரம் வரிசையாக ஐந்து கடைகள். இடமிருந்து வலமாக 1 முதல் 5 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி என்று ஆளுக்கு ஓர் ஊர். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வகை மாம்பழம்தான் விற்கிறார்: அல்போன்சா, செந்தூரா, மல்கோவா, பெங்களூரா, நீலம். எந்தக் கடை எந்த ஊர்க்காரருடையது, அவரிடம் என்ன பழம்?

1. நடுக் கடையில் நீலம்.
2. பர்கூர்க்காரர் விற்பது அல்போன்சா.
3. காவேரிப்பட்டணத்துக்காரர் கடைக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் வேப்பனப்பள்ளிக்காரர் கடை.
4. போச்சம்பள்ளிக்காரர், பர்கூர்க்காரருக்கு வலப்பக்கம் எங்கோ இருக்கிறார்.
5. செந்தூரா விற்கும் கடை, ஊத்தங்கரைக்காரர் கடைக்கு இடப்பக்கம் எங்கோ இருக்கிறது.
6. வேப்பனப்பள்ளிக்காரர் விற்பது செந்தூரா.
7. காவேரிப்பட்டணத்துக்காரரிடம் நீலம் இல்லை.
8. மல்கோவா கடையும் அல்போன்சா கடையும் பக்கத்துப் பக்கத்துக் கடைகள்.

ஐந்து ஊரை ஐந்து கடையில் 120 விதமாக வைக்கலாம். பழத்தையும் 120 விதமாக வைக்கலாம். இரண்டும் சேர்ந்தால் 14,400 விதம். ஊகிக்கிறவர் இறங்குவது இந்தக் கூட்டத்துக்குள்தான்.

மேலே படிப்பதற்கு முன் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஐந்து கட்டம் வரைந்து, மேல் வரிசையில் ஊரின் முதல் எழுத்தும் கீழ் வரிசையில் பழத்தின் முதல் எழுத்தும் எழுதினால் போதும்.

சரி, எல்லாரும் ஆரம்பிக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் குறிப்பைப் படித்து நடுக் கட்டத்தில் நீலம் என்று எழுதி, அந்த வரியில் கோடு. பர்கூரையும் அல்போன்சாவையும் சேர்த்து ஓரமாக எழுதி, இரண்டாவதில் கோடு. அதேபோல் வேப்பனப்பள்ளியும் செந்தூராவும். மூன்றாவது குறிப்பு காவேரிப்பட்டணம், வேப்பனப்பள்ளி என்று பிரியாத ஜோடி ஒன்றைத் தருகிறது. இந்த ஜோடியை எங்கே வைப்பது? 1–2, 2–3, 3–4, 4–5 என்று நான்கு இடம் இருக்கிறது. எந்தக் குறிப்பும் நேராகச் சொல்லவில்லை. கை ஊகத்துக்குப் போவது இந்த இடத்தில்.

இப்போது கோடு போட்ட முதல் குறிப்பைத் திரும்பப் படியுங்கள். நடுக் கடையில் நீலம் இருக்கிறது என்றால் அங்கே மற்ற நான்கு பழமும் இல்லை. செந்தூரா இல்லை. அப்படியானால் செந்தூரா விற்கும் வேப்பனப்பள்ளிக்காரர் நடுக் கடையில் இருக்க முடியாது. 2–3 என்ற இடம் அடிபட்டது. காவேரிப்பட்டணத்துக்காரரிடம் நீலம் இல்லை என்று ஏழாவது குறிப்பு சொல்கிறது, நீலம் இருப்பதோ நடுவில். அவரும் நடுக் கடையில் இல்லை, 3–4 அடிபட்டது. மிச்சம் 1–2, இல்லையென்றால் 4–5.

இதே மூச்சில் இன்னொன்றையும் எடுத்துவிடலாம். பர்கூர்க்காரரிடம் அல்போன்சா இருப்பதால் அவரும் நடுக் கடையில் இல்லை. ஐந்து பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஜோடி எந்தப் பக்கம் என்று தெரிவதற்கு முன்பே நடுக் கடை ஊத்தங்கரைக்காரருடையது அல்லது போச்சம்பள்ளிக்காரருடையது என்று ஆகிவிட்டது. இப்படிப் பாதி தெரிந்ததையும் எழுதி வையுங்கள். முழுசாகத் தெரிந்தால்தான் எழுதுவேன் என்று காத்திருப்பவர்கள் புதிரில் ரொம்பத் திணறுகிறார்கள்.

அடுத்து ஐந்தாவதும் ஆறாவதும். தனித்தனியாகப் படித்தால் இரண்டும் சாதாரணமாகத் தெரியும். செந்தூரா என்று வரும் இடத்தில் வேப்பனப்பள்ளி என்று மாற்றிப் படியுங்கள்: வேப்பனப்பள்ளிக்காரருக்கு வலப்பக்கம் எங்கோ ஊத்தங்கரைக்காரர் இருக்கிறார். ஜோடி 4–5இல் இருந்தால் வேப்பனப்பள்ளிக்காரர் ஐந்தாவது கடையில். அவருக்கு வலப்பக்கம் கடையே கிடையாது. ஆக, காவேரிப்பட்டணம் 1, வேப்பனப்பள்ளி 2.

இனி வேகமாகப் போகலாம். பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை மூன்றும் 3, 4, 5இல். பர்கூர் 3இல் இல்லை என்று முன்பே எழுதி வைத்திருக்கிறோம். 5இலும் வராது, ஏனென்றால் அதற்கு வலப்பக்கம் போச்சம்பள்ளி வர வேண்டும். பர்கூர் 4, போச்சம்பள்ளி 5, ஊத்தங்கரை 3. பழத்தில் செந்தூரா 2, நீலம் 3, அல்போன்சா 4. மல்கோவாவுக்கும் பெங்களூராவுக்கும் மிச்சம் இருப்பது 1, 5. மல்கோவா அல்போன்சாவை ஒட்டி வர வேண்டும், எனவே மல்கோவா 5, பெங்களூரா 1.

முதல் குறிப்பு எத்தனை தடவை வந்தது, கவனித்தீர்களா? நீலத்தை வைக்க ஒரு தடவை. வேப்பனப்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் மூன்றையும் நடுவிலிருந்து விலக்க மூன்று தடவை. நாம் முதலில் கோடு போட்டது அந்தக் குறிப்பின்மேல்தான்.

அப்படியானால் எப்போது கோடு போடலாம்? ஒரு குறிப்பில் வரும் பெயர், பொருள், இடம் அத்தனையும் கட்டத்தில் உட்கார்ந்த பிறகு, அந்த இடங்களில் வேறு யாரும் வர முடியாது என்பதையும் எழுதிய பிறகு. அதுவரைக்கும் அந்தக் குறிப்பு உயிரோடு இருக்கிறது. கட்டத்துக்கு ஓர் ஆள் வைத்து, யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று கண்டுபிடிக்கச் சொல்லும் கைபேசிப் புதிர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். மேல் வரிசையில் இரண்டு பேர் மட்டும் குற்றவாளிகள் என்று ஒரு குறிப்பு வந்தால், இரண்டு பேரைக் கண்டுபிடித்ததும் அந்த வரிசையில் மிச்சமுள்ள எல்லாரும் நிரபராதிகள். அந்தக் குறிப்பின் பாதி வேலை அந்த மிச்சப் பேரை விடுவிப்பதுதான். பல பேர் குற்றவாளியைப் பிடித்த சந்தோஷத்தில் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு குறிப்புக்கு எவ்வளவு வேலை இருக்க முடியும் என்பதற்குச் சுடோகு நல்ல சான்று. 81 கட்டம். அதில் 17 எண்களை மட்டும் கொடுத்து, மிச்சம் 64 கட்டமும் ஒரே விதமாக நிரம்பும் புதிர்கள் இருக்கின்றன. 16 எண்களைக் கொண்டு அப்படி ஒன்றை அமைக்க முடியாது என்று அயர்லாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் கேரி மெக்குவயரின் குழு 2012இல் கணினியைக் கொண்டு தேடிக் காட்டியது. 17 எண்கள் 64 கட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் ஒவ்வோர் எண்ணும் பலமுறை பயன்பட்டே ஆக வேண்டும்.

குறிப்பைப் படிக்கும்போது நின்று படிக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. ‘ஒட்டி’ என்றால் பக்கத்துக் கடை. ‘எங்கோ வலப்பக்கம்’ என்றால் எத்தனை கடை வேண்டுமானாலும் தள்ளி இருக்கலாம், பக்கத்துக் கடையாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அப்புறம் எவ்வளவு சரியாக யோசித்தாலும் பலன் இல்லை. நான்காவது குறிப்பை ‘ஒட்டி’ என்று படித்தவர்களுக்கு இந்தப் புதிரில் தற்செயலாகச் சரியான விடை வந்திருக்கும், அடுத்த புதிரில் மாட்டிக்கொள்வார்கள். ‘குறைந்தது இருவர்’ வேறு, ‘இருவர் மட்டும்’ வேறு. தேர்வில் வரும் வட்ட மேசைப் புதிரில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எல்லாரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஒருவருடைய இடக்கைப் பக்கம் கடிகாரம் சுற்றும் திசையில் போகும். வெளிப்பக்கம் பார்த்திருந்தால் அதற்கு நேர்மாறு. முதல் ஆளை உட்காரவைக்கும் முன்பே தாளில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் அப்புறம் நிஜமாகவே நின்றுபோகும் புதிர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. அங்கே ‘இப்படி வைத்துப் பார்ப்போம்’ என்று ஒன்றை எடுத்துக்கொள்வது தப்பில்லை. ஊகம் என்பது ஒன்றை வைத்துவிட்டு அதை நம்பிக்கொண்டு போவது. சோதனை என்பது ஒன்றை வைத்து, அது எங்கே உடைகிறது என்று தேடுவது. இரண்டே வாய்ப்பு இருக்கும் இடமாகப் பார்த்துச் சோதியுங்கள். நம் புதிரில் 4–5 என்று வைத்ததும் வேப்பனப்பள்ளிக்கு வலப்பக்கம் கடை இல்லாமல் போனது அல்லவா, அதுதான் உடைவது. ஒன்று உடைந்தால் மற்றது நிச்சயம். உடையாமல் நன்றாகப் போகிறது என்பதற்கு மட்டும் மதிப்பே இல்லை. ஐந்தாறு படி சிக்கல் இல்லாமல் போனது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. உங்கள் பாதி நாள் தப்பு இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். சோதனையில் எழுதுவதை வேறு நிறத்திலோ பென்சிலிலோ எழுதுங்கள். அப்போதுதான் உடைந்ததும் எதுவரை அழிக்க வேண்டும் என்று தெரியும்.

பேருந்தில் தாள் வைத்து எழுதுவது கஷ்டம்தான். அதற்காக எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள், ‘யார் இங்கே இல்லை’ என்பதை மனம் சீக்கிரம் மறந்துவிடும். பெரும்பாலான செயலிகளில் கட்டத்தில் பெருக்கல் குறியோ புள்ளியோ போட வசதி இருக்கும், அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வசதி இல்லை என்றால் பேருந்தில் எளிய புதிரை எடுங்கள், கடினமானதை மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கித் தேர்வுக்கு உதவும், ஆனால் நேரடியாக அல்ல. வங்கிப் பணிக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் முதல்நிலைத் தேர்வில் தர்க்கத்திறன் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். அதில் கணிசமான பங்கு இருக்கை வரிசையும் புதிரும். தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிப்பார்கள், ஊகத்துக்கு அங்கே விலை உண்டு. தினப் புதிர் உங்களுக்குக் குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும் பழக்கத்தைத் தரும். எந்தப் புதிரைத் தொடாமல் விடுவது என்ற முடிவு மாதிரித் தேர்வு எழுதித்தான் வரும். இடத்தைத் திட்டவட்டமாகச் சொல்லும் குறிப்பு ஒன்றாவது இருக்கும் புதிரை முதலில் எடுங்கள். எல்லாமே ‘எங்கோ’, ‘இல்லை’ என்று இருப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆரம்பத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் போடுங்கள். ஊகம் இல்லாமல் முடிப்பது பழகிய பிறகு நேரத்தைக் குறைக்கலாம். முதலில் வேகத்தைப் பழகினால் பழைய கோடு போடும் வேலைதான் திரும்ப வரும்.

இன்றைக்கு ஒரு பயிற்சி. மேலே உள்ள புதிரில் ஏழாவது குறிப்பை மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது சரியாக இரண்டு விடைகள் வரும். ஒன்று நாம் கண்டது. இன்னொன்றில் பர்கூர்க்காரர் முதல் கடையில் இருப்பார், ஊத்தங்கரைக்காரர் பெங்களூரா விற்பார். மற்ற மூன்று பேரை நீங்கள் கண்டுபிடியுங்கள், எந்தக் குறிப்பை எத்தனை தடவை தொட்டீர்கள் என்பதையும் அந்தந்த வரிக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.